கையெழுத்து நோட்டில் ஏறாத மணிகள்

வீணாகப் போகும் உணவையும் நன்கொடையாக வரும் பொருள்களையும் சேர்த்துத் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கும் இடம் உணவு வங்கி. அங்கே தொண்டு செய்ய வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு நோட்டில் பெயரையும் வந்த நேரத்தையும் எழுதுவார்கள். கிளம்பும்போது போகும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். நான் சனிக்கிழமைதோறும் போய்வந்த ஓர் உணவு வங்கியில் அறுபதைத் தாண்டிய ஓர் அக்கா இருந்தார். பகல் ஒரு மணிக்கு எல்லோரையும் போல அவரும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அப்புறம் பின்னறைக்குப் போய், அன்றைக்கு நாங்கள் கட்டியிருந்த ஏப்ரன்களையும் மேசை துடைத்த துணிகளையும் ஒரு பெரிய பையில் அள்ளிப் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார். அடுத்த சனிக்கிழமை எல்லாம் துவைத்து, காய்ந்து, மடித்து வந்து சேரும். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. ஆண்டு முடிவில் நிர்வாகம் ஒரு பாராட்டு விழா வைத்தது. நோட்டைக் கூட்டிப் பார்த்து, அதிக மணி நேரம் வந்த பத்துப் பேருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அந்தப் பத்தில் அக்கா இல்லை.

விழா நடத்தியவர்கள் நல்லவர்கள். நன்றி சொல்ல வேண்டும் என்று மனதார நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் யாருக்குச் சொல்வது என்ற முடிவை நோட்டிடம் விட்டுவிட்டார்கள். நோட்டுக்குத் தெரிந்தது வந்த நேரமும் போன நேரமும் மட்டும்தான். தொண்டர்களைப் பாராட்டும் விஷயத்தில் பல உணவு வங்கிகள் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்று எனக்குப் படுகிறது. பாராட்டுக்கு முன்னால் கவனிப்பு வர வேண்டும். கவனிக்காமல் கொடுக்கும் கேடயம் வாங்கியவர் வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். வாங்காதவர் மனதில்தான் அது பல நாள் நிற்கும்.

பெயர் விடுபட்ட தாய்

உணவு வங்கி என்ற ஏற்பாடே ஒரு தொண்டரின் கையில் பிறந்ததுதான். 1960-களில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரில், ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் கூடம் ஒன்றில் தொண்டு செய்துகொண்டிருந்தார். அங்கே அவர் ஒரு தாயைச் சந்தித்தார். கடைக்காரர்கள் குப்பைத் தொட்டியில் போடும் உணவுப் பொருள்களில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கித்தான் அந்தத் தாய் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பணத்தைப் போட்டு எடுக்க வங்கி இருப்பது போல, வீணாகப் போகும் உணவைப் போட்டு வைக்கவும் தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளவும் ஓர் இடம் இருந்தால் என்ன என்று அந்தத் தாய் சொன்னதிலிருந்துதான் யோசனை கிளம்பியது. 1967-ல் செயின்ட் மேரீஸ் உணவு வங்கி தொடங்கியது. உலகின் முதல் உணவு வங்கி என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அதற்கப்புறம் வேகமாகப் பரவியது. 1979-ல் அமெரிக்காவில் நாடு தழுவிய வலையமைப்பு ஒன்று உருவாகி, 2008 முதல் ஃபீடிங் அமெரிக்கா என்ற பெயரில் இயங்குகிறது. ஏறக்குறைய 200 உணவு வங்கிகள் அதில் இருக்கின்றன. ஐரோப்பாவின் முதல் உணவு வங்கி 1984-ல் பாரிஸ் பகுதியில் தொடங்கியது. 2006-ல் உலக அளவில் உணவு வங்கிகளை இணைக்கும் குளோபல் ஃபுட்பேங்கிங் நெட்வொர்க் வந்தது.

வான் ஹெங்கலின் பெயர் இந்த வரலாற்றைச் சொல்லும் எல்லா இடத்திலும் இருக்கிறது. இருக்க வேண்டியதும்தான். ஆனால் பரவலாகச் சொல்லப்படும் கதையில் அந்தத் தாய்க்குப் பெயர் இல்லை. 'ஒரு தாய்', அவ்வளவுதான். உதவி வாங்க வந்தவர்தான் யோசனையைக் கொடுத்தார். உதவி செய்யப் போனவருக்குத்தான் பெயர் கிடைத்தது. அவரை நான் குறை சொல்லவில்லை, அந்தத் தாய் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லி நமக்குத் தெரியப்படுத்தியவரே அவர்தான். இருந்தாலும், யாருடைய பங்கு எளிதாகக் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதற்கு இந்தத் துறையின் முதல் அத்தியாயமே சாட்சியாக இருக்கிறது.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. உணவு வங்கிக்கு வாங்க வருகிறவர், கொடுக்க வருகிறவர் என்று இரண்டு கூட்டம் தனித்தனியாக இருப்பதாக வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே போனால் அந்தக் கோடு அழிந்துவிடும். ஒரு வருடம் வரிசையில் நின்று பை வாங்கியவர் அடுத்த வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பார். சிலர் காலையில் மூட்டை இறக்கிவிட்டு, மத்தியானம் தங்கள் வீட்டுக்கும் ஒரு பை எடுத்துக்கொண்டு போவார்கள். பாராட்டு விழாவைத் திட்டமிடுகிறவர்கள் இதை மறந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எண்ணிக்கை ஏன் வந்தது

மணிக்கணக்கு வைத்துக்கொள்வது தவறில்லை. அதற்குக் காரணம் உண்டு. நன்கொடை தரும் நிறுவனங்களும் அரசுத் துறைகளும் "எத்தனை பேர் தொண்டு செய்கிறார்கள், எத்தனை மணி நேரம்?" என்று கேட்பார்கள். அந்த மணிகளை ஊதியக் கணக்கில் மாற்றி, தொண்டர்களின் உழைப்பு இவ்வளவு மதிப்புள்ளது என்று ஆண்டறிக்கையில் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. தீ விபத்து போன்ற ஆபத்து வந்தால் உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று தெரியவும் அதே நோட்டுதான் உதவும். ஆக, நோட்டு கட்டாயம் வேண்டும்.

சிக்கல் எப்போது வருகிறது என்றால், வேறு காரணத்துக்காக வைத்த கணக்கைத் தூக்கிப் பாராட்டுக்கும் அளவுகோலாக வைக்கும்போது. அமெரிக்காவில் 2003-ல் தொடங்கப்பட்ட குடியரசுத் தலைவர் தொண்டு விருது முழுக்க முழுக்க மணிக்கணக்கில் நின்றது. பெரியவர்களுக்கு ஓராண்டில் 100 மணி நேரம் என்றால் வெண்கலம், 250 என்றால் வெள்ளி, 500 என்றால் தங்கம், வாழ்நாளில் 4,000 மணியைத் தொட்டால் தனி விருது என்று வகுத்திருந்தார்கள். லட்சக்கணக்கானவர்களுக்குப் பொதுவாக ஓர் அளவுகோல் வேண்டும் என்றால் வேறு வழி குறைவு என்பது புரிகிறது. ஆனால் நாற்பது பேர் வேலை செய்யும் ஓர் உணவு வங்கிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாற்பது பேரையும் நேரில் பார்க்க முடியும்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. அரசி இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறிய பொன்விழாவை ஒட்டி 2002-ல் தொடங்கிய தொண்டு விருது தனி ஆளுக்குக் கிடையாது, தொண்டர் குழுவுக்குத்தான். இப்போது அது அரசர் பெயரில் தொடர்கிறது. உணவு வங்கி வேலைக்கு இந்த யோசனை நன்றாகப் பொருந்துகிறது என்பேன். லாரியிலிருந்து இறக்குகிறவர், பிரிக்கிறவர், அடுக்குகிறவர், பை போடுகிறவர், கொண்டுபோய்க் கொடுக்கிறவர் என்று கைமாறிக் கைமாறித்தான் ஒரு பொட்டலம் ஒரு வீட்டை அடைகிறது. இதில் ஒரு கையை மட்டும் பிடித்து மேடையேற்றினால் மற்றக் கைகள் என்ன நினைக்கும்?

டின்னின் விளிம்பு

எண்ணிக்கையில் வராத வேலை எப்படி இருக்கும் என்பதைக் கிட்ட நின்று பார்த்தால்தான் தெரியும். பொருள் பிரிக்கும் மேசையை எடுத்துக்கொள்வோம். நன்கொடையாக வந்த டின்கள் குவிந்து கிடக்கும். புதிதாக வந்த பையன் ஒரு டின்னை எடுப்பான், தேதியைப் பார்ப்பான், பெட்டியில் போடுவான். நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து போய்விடும். பக்கத்தில் நிற்கும் பழைய ஆள் டின்னை எடுத்ததும் முதலில் தேதியைப் பார்க்க மாட்டார். மேல் விளிம்பைச் சுற்றி ஒரு விரலை ஓட்டுவார், கீழ் விளிம்பிலும் ஓட்டுவார், பக்கவாட்டில் தையல் போல ஒட்டியிருக்கும் இடத்தைத் தடவுவார், மூடியைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்ப்பார்.

அவர் தேடுவது நெளிவை. டின்னின் உடம்பில் சின்ன நெளிவு இருந்தால் பெரும்பாலும் பாதகம் இல்லை. விளிம்பிலோ ஒட்டு போட்ட இடத்திலோ ஆழமாக நெளிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கலாம். டின் உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, மூடியை அழுத்தும்போது உள்ளே போய் வெளியே வந்தாலோ அது குப்பைக்குத்தான் போக வேண்டும். காற்று இல்லாத இடத்தில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் நச்சு மிகக் கொஞ்சம் உள்ளே போனாலும் நரம்பை முடக்கும், ஆளையே கொல்லும். அந்த நச்சுக்கு வாசனையோ நிறமோ சுவையோ தனியாக இல்லை. ஆகவே முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று யாரும் நம்பியிருக்க முடியாது. விரல்தான் காவல்.

தேதி விஷயமும் இப்படித்தான். 'இந்தத் தேதிக்கு முன் உண்பது சிறந்தது' என்பது தரத்தைப் பற்றியது. அந்தத் தேதி கடந்த காய்ந்த பொருள்கள் பல நாள் நன்றாகவே இருக்கும். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பைப் பற்றியது. அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. இரண்டையும் குழப்பினால் ஒன்று நல்ல உணவு குப்பைக்குப் போகும், இல்லையென்றால் கெட்ட உணவு ஒரு குழந்தையின் தட்டுக்குப் போகும். அப்புறம் அடுக்குவது. எது முதலில் காலாவதி ஆகுமோ அது முன்வரிசையில் இருக்க வேண்டும். புதிதாக வந்ததை முன்னால் வைத்துவிட்டுப் போவது சுலபம். பின்னால் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்து, புதியதை உள்ளே வைத்து, பழையதை மறுபடி முன்னால் அடுக்குவதற்கு இடுப்பு நோகும்.

இப்போது கணக்குப் பார்த்தால், அந்தப் பழைய ஆள் அந்தப் பையனைவிடக் குறைவான டின்களைத்தான் பிரித்திருப்பார். ஒரு மணிக்கு எத்தனை கிலோ என்று பலகையில் எழுதிப் போட்டால் பையன் பெயர்தான் மேலே வரும். அவர் தடுத்து நிறுத்திய அந்த ஒரு டின் எந்தப் பட்டியலிலும் ஏறாது. நடக்காமல் போன ஆபத்துக்கு யார் கணக்கு எழுதுவார்கள்?

பதிவு மேசையில் உட்காருகிறவரின் வேலை இன்னும் நுட்பமானது. முதல்முறை உதவி கேட்டு வருகிறவர் பெரும்பாலும் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவார். அவரிடம் "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்பதற்கே ஒரு பக்குவம் வேண்டும். பின்னால் நிற்பவருக்குக் கேட்காத குரலில் கேட்க வேண்டும். படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, "நீங்களே எழுதுகிறீர்களா, நான் எழுதட்டுமா?" என்று கேட்பது ஒரு சின்ன விஷயம்தான். எழுதத் தெரியாதவர் அதில் தலை குனியாமல் தப்பித்துக்கொள்வார். இரண்டாம் வாரம் வரும்போது பெயர் சொல்லி அழைத்தால் அவர் முகம் மாறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இதை எந்தத் தராசில் நிறுப்பது?

நன்றி வேலை செய்யும் விதம்

நன்றி சொல்வதால் என்ன மாறுகிறது என்பதைப் பற்றி நல்ல ஆராய்ச்சிகள் இருக்கின்றன. 2010-ல் ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜினோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் 41 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினரிடம் மேலதிகாரி நேரில் வந்து, அவர்கள் உழைப்புக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரத்தில் அந்தப் பகுதியினர் பேசிய அழைப்புகள் பாதிக்கு மேல் கூடின. நன்றி கேட்காதவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது அவர்கள் கண்டுபிடித்த காரணம். நன்றி கேட்டவர்களுக்குத் தங்கள் திறமை மேல் நம்பிக்கை கூடியதால் இது நடக்கவில்லை. தங்களை ஒருவர் மதிக்கிறார், தாங்கள் வேண்டப்பட்டவர்கள் என்ற உணர்வுதான் அவர்களை நகர்த்தியது. 'நீ கெட்டிக்காரன்' என்பதைவிட 'நீ இருப்பது எங்களுக்குப் பெரிய உதவி' என்பதற்குத்தான் பலம் அதிகம்.

அதே கிராண்ட் 2007-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வும் உணவு வங்கிக்கு நேராகப் பொருந்தும். நன்கொடை திரட்டுகிறவர்கள், அந்த நன்கொடையால் படித்த மாணவர் ஒருவரைச் சில நிமிடம் சந்தித்துப் பேசினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் தொலைபேசியில் செலவிடும் நேரம் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. கேடயம் இல்லை, பணம் இல்லை. தங்கள் வேலை எங்கே போய்ச் சேருகிறது என்று கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். கிடங்கின் பின்பக்கம் வருடக்கணக்கில் பெட்டி பிரிப்பவருக்கு, தான் பிரித்த பொருளை வாங்கிப் போகும் முகத்தைப் பார்க்க வாய்ப்பே இருப்பதில்லை. மாதத்துக்கு ஒருநாள் அவரை முன்மேசையில் நிற்க வைப்பதே ஒரு பாராட்டுதான்.

பரிசு என்று வரும்போது கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். படம் வரையப் பிடித்த குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் வைத்த சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதியினருக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து, யாரும் சொல்லாமல் தாமாக வரைந்த நேரத்தை அளந்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. ஸ்வீடனில் 2008-ல் வெளியான இரத்ததான ஆய்வு ஒன்றிலும், பணம் தருவதாகச் சொன்னதும் பெண்களில் முன்வருகிறவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். அந்தப் பணத்தை ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று சொன்னபோது பழைய நிலை திரும்பியது. மனமுவந்து செய்கிறவர் கையில் கூலியைப் போல ஒன்றைத் திணித்தால் அவர் செய்ததன் பொருளே மாறிவிடுகிறது.

இதை வைத்து விருதே வேண்டாம் என்று முடிவு கட்டவும் கூடாது. ஜானா காலஸ் என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர் ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வந்த 4,000 பேரை வைத்து ஆராய்ந்தார். அவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தவர்களுக்கு அந்தச் சமூகத்தின் பெயரில் ஒரு சின்ன அடையாள விருது போனது. பணமும் இல்லை, அதை வைத்து வேலை தேடவும் முடியாது, அங்கே எழுதுவது புனைபெயரில்தான். அப்படியும் அடுத்த மாதம் தொடர்ந்து எழுதியவர்கள் விருது பெற்றவர்களிடையே 20 சதவீதம் அதிகம். புதிதாக வந்தவருக்கு, 'உன்னைப் பார்த்தோம், நீ எங்களில் ஒருவர்' என்று கூட இருப்பவர்கள் சொல்வது அவ்வளவு தூரம் போகிறது. நம் உணவு வங்கிகளோ பத்து வருடம் கழித்துத்தான் முதல் சான்றிதழ் தருகின்றன. முதல் மூன்று வாரத்திலேயே நின்றுவிடுகிறவரை யார் எப்போது பார்த்தார்கள்?

எல்லோருக்கும் ஒரே நன்றி போதாது

தொண்டுக்கு வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள் என்பதைக் கிளாரி, ஸ்னைடர் ஆகியோரின் குழு 1998-ல் ஆறு வகையாகப் பிரித்துச் சொன்னது: கொள்கைப் பிடிப்பு, புதிதாகக் கற்கும் ஆசை, தன்மேல் மதிப்பு, நாலு பேரோடு பழகுவது, வேலைக்கான அனுபவம், மனபாரத்தை இறக்கி வைப்பது. ஆளைப் பார்த்து நன்றி சொல்ல இது நல்ல வழிகாட்டி. கல்லூரி மாணவிக்கு, அவர் என்னென்ன செய்தார் என்று விவரமாக எழுதிய ஒரு பரிந்துரைக் கடிதம் பத்துக் கேடயத்துக்குச் சமம். துணையை இழந்து, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் வருகிறவருக்கு மேடை வேண்டாம். வேலை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து தேநீர் குடிக்கும் அந்த இருபது நிமிடத்தை நிறுத்தாமல் இருந்தால் போதும். கொள்கைக்காக வருகிறவருக்கு, இந்த மாதம் எத்தனை வீடுகளுக்குப் பை போனது என்று தெரிய வேண்டும்.

சரி, மேடையே பிடிக்காதவரை என்ன செய்வது? கேட்டுவிடுவதுதான் ஒரே வழி. முன்னால் சொன்ன கோடு இங்கேதான் வருகிறது. தொண்டராகவும் உதவி வாங்குகிறவராகவும் இருக்கும் ஒருவரை மேடையேற்றி, "ஒரு காலத்தில் இவரே நம்மிடம் வாங்கியவர்" என்று ஒலிபெருக்கியில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். சொன்னவர் பெருமையாகத்தான் சொன்னார். மேடையேறிய பெண்மணியின் பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர் சிரித்தபடியே சான்றிதழை வாங்கினார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஒருவருடைய வறுமை நம்முடைய விழாவுக்கு அலங்காரம் ஆகக் கூடாது. படம் எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். தொண்டர் பொட்டலத்தை நீட்ட, வாங்குகிறவர் கை நீட்டுவது போன்ற படம் தொண்டருக்குப் பாராட்டாக இருக்கலாம். அந்த இன்னொருவருக்கு அது என்ன என்பதை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

விழாக்கள் வருடத்தின் சில நாட்களில் குவிந்துவிடுகின்றன. டிசம்பர் 5-ஐ உலகத் தொண்டர் நாளாக ஐக்கிய நாடுகள் சபை 1985-ல் அறிவித்தது. பிரிட்டனில் ஜூன் முதல் வாரம், அமெரிக்காவில் ஏப்ரலில் ஒரு வாரம் என்று நாட்டுக்கு நாடு தொண்டர் வாரங்களும் உண்டு. அந்த நாட்கள் நல்லவைதான். ஆனால் டின் நெளிவைக் கண்டுபிடித்த அன்றைக்கே சொல்லும் நன்றிக்கு இருக்கும் சூடு, எட்டு மாதம் கழித்து டிசம்பரில் இருக்காது. எனக்குத் தெரிந்த ஓர் ஒருங்கிணைப்பாளர் ஒரு சின்ன நோட்டை ஏப்ரன் பையிலேயே வைத்திருப்பார். அன்றன்றைக்குக் கண்ணில் பட்டதை ஒரே வரியில் எழுதிக்கொள்வார்: யார் கைக்குழந்தைக்காரியின் பையைக் கதவுவரை தூக்கிப் போனார், யார் குளிர்பெட்டி 5 டிகிரிக்கு மேல் ஏறியிருப்பதைப் பார்த்துச் சொன்னார். கிளம்பும் முன் அந்த ஆளிடமே போய் அதைச் சொல்லிவிடுவார். "ரொம்ப நன்றி" என்று பொதுவாகச் சொன்னதே இல்லை, என்ன செய்தார் என்பதைச் சொல்லித்தான் நன்றி சொல்வார். வருட முடிவில் யாரைப் பாராட்டுவது என்ற கேள்வி வந்தபோது, கையெழுத்து நோட்டைத் திறக்க வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை.

சுமையே பரிசாகும்போது

அர்ப்பணிப்போடு வேலை செய்கிறவருக்கு நிறுவனங்கள் பொதுவாகக் கொடுக்கும் பரிசு இன்னும் கொஞ்சம் வேலை. அவர் நன்றாகச் செய்வார், மறுக்க மாட்டார், ஆகவே அவரிடமே கொடு என்பது நடைமுறையாகிவிடுகிறது. சாவி அவரிடம், கணக்கு அவரிடம், யாராவது வராவிட்டால் அழைப்பும் அவருக்கு. மூன்று வருடத்தில் அவர் ஓய்ந்துபோகிறார், ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடுகிறார். "எவ்வளவோ பாராட்டினோமே" என்று நிர்வாகத்துக்கு ஆச்சரியம். அவருக்கு வேண்டியிருந்தது இரண்டு மாத ஓய்வும், அவர் இல்லாதபோது வேலை நின்றுவிடாது என்ற உறுதியும்தான்.

இந்த மனிதர்களை எவ்வளவு தூரம் நம்பியிருக்கிறோம் என்பது 2020-ல் தெரிந்தது. கொரோனா வந்ததும், தொண்டர்களில் பெரும்பகுதியாக இருந்த முதியவர்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டியதாயிற்று. அதே நேரத்தில் வேலை இழந்தவர்களின் வரிசை நீண்டது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் உணவு வங்கிகளில் பெட்டி கட்டத் தேசியக் காவல் படையினரை அனுப்பினார்கள். சீருடைப் படை வந்து நிரப்ப வேண்டிய இடத்தை அதுவரை ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள் சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

வயதான தொண்டரைக் கௌரவிப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. இருபது வருடம் மூட்டை தூக்கியவருக்கு இப்போது முட்டி வலி. "நீங்கள் ஓய்வெடுங்கள் ஐயா" என்று ஒரு கேடயம் கொடுத்து அனுப்பிவிடுவது பலருக்குப் பாராட்டாகத் தோன்றுகிறது. அவருக்கு அது கதவைச் சாத்துவது போலக் கேட்கும். அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, புதிதாக வருகிறவர்களுக்கு டின் விளிம்பில் விரல் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொன்னால், அவர் விரலுக்குத் தெரிந்தது வீட்டோடு போகாது. முடிவு எடுக்கும் கூட்டங்களில் தொண்டர்களுக்கு இடம் கொடுப்பதும் இதே வகைதான். எந்த அலமாரி எங்கே இருக்க வேண்டும், பதிவுப் படிவத்தில் எந்தக் கேள்வி தேவையில்லை என்பது தினமும் அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். அவர் சொன்னதைக் கேட்டு ஒரு கேள்வியை அந்தப் படிவத்திலிருந்து நீக்கினால், அதைவிடப் பெரிய விருது என்ன இருக்கிறது?

ஏப்ரன் துவைத்த அக்காவின் கதைக்கு ஒரு பின்பகுதி இருக்கிறது. விழா முடிந்த சில வாரத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு சனிக்கிழமை வரவில்லை. முதல் வாரம் பழைய ஏப்ரன்களையே கட்டிக்கொண்டோம். இரண்டாம் வாரம் கறையும் வாடையும் தாங்காமல், "இதையெல்லாம் இவ்வளவு நாள் யார் துவைத்தது?" என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் உடனே பதில் தெரியவில்லை. குளிர்பெட்டிப் பக்கம் நின்றிருந்த ஒரு பெண்தான் சொன்னாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அவர் திரும்பி வந்தபோது மேடையும் இல்லை, மாலையும் இல்லை. பின்னறையில் ஒரு துணி துவைக்கும் இயந்திரம் வந்திருந்தது. யாரோ கொடுத்த பழைய இயந்திரம்தான், ஆனால் ஓடியது. பொறுப்பாளர் அவரை அழைத்துப் போய்க் காட்டி, இத்தனை நாள் தெரியாமல் இருந்ததற்கு வருத்தம் சொன்னார். "அதனால் என்ன, வீட்டில் துவைக்கும்போது இதையும் சேர்த்துப் போட்டேன்" என்றார் அக்கா. அன்றைக்கு ஒரு மணிக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார்கள். அக்கா ஏப்ரன்களை இயந்திரத்தில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் இரண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். அது சுற்றி நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாவற்றையும் உதறிக் கொடியில் போட்ட பிறகு வாசலுக்கு வந்து நோட்டைத் திறந்தார். போகும் நேரம் என்ற இடத்தில் இரண்டு மணி என்று எழுதினார்.